டிசம்பர் 7: கொடி நாள் பிறந்த கதை

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். சுற்றுவட்டாரத்துக்கு வெறும் கரிவலம். அங்குள்ள பால்வண்ணநாதர் கோயிலைச் சுற்றிப் பிள்ளையில்லாத ஒரு ராஜாவின் கதை உலவுகிறது. இந்த ஊரில் இருந்த பாண்டியர் அவர். வரகுணராமர், வரதுங்கராமர் என்று இரண்டு பெயரும் புழங்குகின்றன. தமிழில் தேர்ந்தவர், ஏடுகள் நிறையச் சேர்த்து வைத்திருந்தவர். கொள்ளி வைக்க மகன் இல்லாமல் அவர் கண்ணை மூட, சுவாமியே வந்து ஈமக்கடன் செய்தார் என்பது தலக்கதை. அதன் பிறகு வருஷத் திதியைக் கோயிலே ஏற்றுக்கொண்டது.

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர், அந்த ராஜாவின் சுவடிகள் கோயிலில் இருக்கும் என்று கேள்விப்பட்டு ஆசையோடு கரிவலம் வந்தார். வந்தவருக்குக் கிடைத்த செய்தியை ‘என் சரித்திர’த்தில் எழுதி வைத்திருக்கிறார். பழுதான ஏடுகளையெல்லாம் குழி வெட்டி, தீ வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்களாம். சாஸ்திரம் அப்படிச் சொல்கிறதாம். ராஜாவுக்குத் திதி தவறவில்லை. அவர் விட்டுப்போன செல்வம்தான் புகையாகப் போய்விட்டது.

இறந்தவரை நினைப்பதில் இரண்டு வேலை இருக்கிறது. நாள் பார்த்து எள்ளும் தண்ணீரும் இறைப்பது ஒன்று. அவர் விட்டுப்போனதைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதல் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். இரண்டாவது வேலைக்குப் பணம் வேண்டும், பல வருஷம் வேண்டும். போருக்குப் போனவர்கள் விஷயத்தில் இந்த இரண்டாவது வேலையை உலகம் தெருவில் நின்று உண்டியல் குலுக்கித்தான் கற்றுக்கொண்டது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் டிசம்பர் மாதம் வந்து சேரும் காகிதக் கொடி அந்தப் பாடத்தின் கடைசிப் பக்கம்.

தீப்பெட்டி லேபிளைவிடச் சற்றுப் பெரிய காகிதம். அதில் மூன்று பட்டை. சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து கட்டாக வரும். வகுப்பாசிரியர் பேரை எழுதிக்கொண்டு பணம் வாங்குவார். கொடுத்தவன் சட்டையில் குண்டூசி ஏறும். எதுக்கு டீச்சர் என்று கேட்டால், “மிலிட்டரிக்காரங்களுக்குப்பா” என்பதோடு பேச்சு முடிந்து கணக்குப் பாடம் தொடங்கிவிடும். குண்டூசி குத்தும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, மூன்று பட்டை எப்போது சேர்ந்தது, டிசம்பர் 7 யார் குறித்த நாள் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை.

ரோஜா, கொடி, பாப்பி

காசு கொடுத்தவர் சட்டையில் ஓர் அடையாளத்தைக் குத்திவிடும் பழக்கம் லண்டனில் 1912இல் பிரபலமானது. மறைந்த மன்னர் ஏழாம் எட்வர்டின் மனைவி அலெக்சாண்டிரா டென்மார்க்கிலிருந்து மருமகளாக வந்து அரை நூற்றாண்டு ஆகிறது என்று கொண்டாடினார்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் திரட்ட, மாற்றுத்திறனாளிப் பெண்கள் கையால் செய்த செயற்கை ரோஜாக்களை அந்த ஜூன் மாதம் தெருவில் விற்றார்கள். வாங்கியவர் சட்டையில் ரோஜா இருந்தால் அடுத்த முனையில் நிற்பவர் அவரிடம் மறுபடி கேட்க மாட்டார். பூ இல்லாமல் நடப்பவருக்குத்தான் கூச்சம். இந்தக் கூச்சமே வசூலின் சூட்சுமம்.

இரண்டு வருஷத்தில் முதல் உலகப் போர் வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஆக்னஸ் மாரிசன் என்ற பெண்மணி ரோஜாவுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் காகிதக் கொடிகளைக் குண்டூசியில் மாட்டி விற்க ஏற்பாடு செய்தார். 1914 செப்டம்பர் 5 அன்று நடந்த அந்த வசூல், போருக்குப் போன சிப்பாய்கள், மாலுமிகளின் குடும்பங்களுக்கானது. ஒரு பென்னி கொடுத்தாலும் கொடி உண்டு. பணக்காரரின் காசோலைக்குக் காத்திருக்காமல் சில்லறைக் காசில் பெருந்தொகை திரட்டும் வழி பிடிபட்டுவிட்டது. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் ஊர்களில் எதற்கெடுத்தாலும் ஒரு கொடி நாள் என்று ஆகிவிட்டது. பெயர் அங்கே பிறந்ததுதான்.

பாப்பிப் பூவின் கதை வேறு திசையிலிருந்து வந்தது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் வயல்களில் குண்டு விழுந்து மண் புரண்டபோது, பல வருஷமாக மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த பாப்பி விதைகள் வெளிச்சம் பட்டு முளைத்தன. புதைகுழிகளுக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகப் பூத்தன. கனடாவின் ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915இல் அதைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். அதைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல், 1918 நவம்பரில் போர் முடியும் தறுவாயில் ஒரு பாப்பியைத் தன் உடையில் குத்திக்கொண்டார். பிரான்சின் அன்னா கெரன் துணிப் பாப்பிகளோடு 1921இல் லண்டன் வந்து இறங்கினார். அவற்றைச் செய்தவர்கள் போரில் சீரழிந்த பிரெஞ்சு ஊர்களின் விதவைகளும் பிள்ளைகளும்.

அந்த வருஷம்தான் தொடங்கியிருந்த பிரிட்டிஷ் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம், படைத்தளபதியாக இருந்த ஹெய்க்கின் தலைமையில், 1921 நவம்பர் 11 அன்று முதல் பாப்பி நாளை நடத்தியது. 90 லட்சம் பூக்கள் விற்றுத் தீர்ந்தன. 1,06,000 பவுன் சேர்ந்தது. மறுவருஷமே மேஜர் ஜார்ஜ் ஹவ்சன், கை கால் இழந்த முன்னாள் சிப்பாய்களை வைத்து லண்டனில் ஒரு பாப்பித் தொழிற்சாலை தொடங்கினார். பூ விற்ற பணமும் அவர்களுக்கு, பூச் செய்த கூலியும் அவர்களுக்கு. போர் நின்ற நாள் என்று இரண்டு நிமிஷ மௌனத்தோடு நின்றிருந்தால் நவம்பர் 11 ஒரு திதியாக மட்டும் இருந்திருக்கும். உண்டியல் சேர்ந்ததால் அது சோறும் ஆனது.

யாருக்குப் போன காசு?

அந்தப் போரில் இந்தியாவின் பங்கு சின்னதில்லை. 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, பிரான்ஸ் என்று பேர் வாயில் நுழையாத இடங்களில் கிடக்கிறார்கள். ஊரில் ஒரு கல் நட்டார்கள். இந்த ஊரிலிருந்து மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஒரே அச்சில் வார்த்த இங்கிலீஷ் வாசகம் பொறித்த பளிங்குக் கற்கள் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் இன்றும் இருக்கின்றன. எண்ணிக்கை இருக்கும். செத்தவன் பெயர் இருக்காது.

நவம்பர் 11 அன்று இந்தியப் பெருநகரங்களிலும் பாப்பி விற்றார்கள். அந்த வசூலில் உள்ளூர்ச் சிப்பாய்க்கு எவ்வளவு என்ற கேள்வியை உரக்கக் கேட்டது கொழும்பு. இலங்கையில் திரண்ட பாப்பிப் பணம் பிரிட்டிஷ் முன்னாள் சிப்பாய்களுக்கே போகிறது, அதே போரில் போய்வந்த இலங்கைக்காரன் கையை விரித்து நிற்கிறான் என்று அங்கிருந்த முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஏலியன் பெரேரா கொதித்தார். 1931இல், அதே நாளில், அதே தெருவில், பாப்பிக்குப் போட்டியாக வேறொரு பூவை விற்க ஆரம்பித்தார். சிங்களத்தில் சூரிய மல் என்கிற அந்தப் பூ நமக்கு மிகவும் பழக்கமானது. பூவரசம்பூ.

வாய்க்கால் கரையிலும் தொழுவத்து ஓரத்திலும் நிற்கும் அதே பூவரசுதான். இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பி ஊதுவார்கள். மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செம்மை ஏறும் பூ. கடல் தாண்டி வந்த பாப்பிக்கு எதிராக வேலியோரத்துப் பூ ஒன்றை நிறுத்தியதில் சொல்ல வேண்டிய அரசியல் முழுவதும் அடங்கிவிட்டது. 1933இல் வாலிபர் சங்கங்கள் இயக்கத்தைக் கையில் எடுத்தன. இங்கிலாந்தில் பிறந்து கொழும்பில் ஆசிரியையாக இருந்த டொரீன் யங் அதன் தலைவரானார். இரண்டு பூக்களின் சண்டை என்று அவர் பத்திரிகையில் எழுதியது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 1934-35இல் இலங்கையை மலேரியா சூறையாடியபோது சூரிய மல் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போய் மருந்தும் உணவும் கொடுத்தார்கள். சிப்பாய்க்குப் பணம் திரட்டக் கிளம்பிய பூ, ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் இளைஞர்களின் அடையாளமாக வளர்ந்துவிட்டது.

இந்தியாவில் அப்படியொரு பூ வரவில்லை. ஆனால் அதே கணக்கு இங்கேயும் தீர்க்கப்படாமல் கிடந்தது.

1949

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் எண்ணிக்கை 25 லட்சம். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல், தானாகப் பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்களால் ஆன படைகளில் அவ்வளவு பெரியது அதுவரை இருந்ததில்லை. சுமார் 87,000 பேர் மடிந்தார்கள். போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்களை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பினார்கள். டிரங்குப் பெட்டியும் ஒரு பயணச் சீட்டுமாக ஊர் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோருக்குப் பென்ஷன் கிடையாது. பென்ஷனுக்குத் தேவையான சர்வீஸ் அவர்களுக்கு இல்லை. சாம்ராஜ்யத்துக்கு ஆள் தேவைப்பட்டது, வந்தார்கள். தேவை தீர்ந்தது, போனார்கள்.

1947இல் நாடு பிரிந்தபோது ராணுவமும் பிரிந்தது. அக்டோபரில் காஷ்மீரில் சண்டை மூண்டது. 1949 ஜனவரி 1 அன்று அது நிற்பதற்குள் புதிய நாடு தன் முதல் போர் விதவைகளைப் பார்த்துவிட்டது. அதுவரை சிப்பாயை ஜனங்கள் பார்த்த பார்வையும் கலவையானது. வெள்ளைக்காரன் சம்பளத்துக்குத் துப்பாக்கி பிடித்தவன் என்ற பேச்சு விடுதலைப் போராட்ட காலத்தில் சாதாரணம். நேற்றுவரை சக்கரவர்த்தியின் சிப்பாயாக இருந்தவன் இன்று நம் சிப்பாய் என்பதைச் சட்டம் ஒரு கையெழுத்தில் சொல்லிவிடும். ஜனங்கள் மனதில் ஏற்றுவதற்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

பல்தேவ் சிங் சுதந்திர இந்தியாவின் முதல் பாதுகாப்பு அமைச்சர். பாதுகாப்பு அமைச்சரின் கீழ் அமைந்த குழு 1949 ஆகஸ்ட் 28 அன்று ஒரு முடிவெடுத்தது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 7 கொடி நாள். சின்னக் கொடிகளை ஜனங்களிடம் கொடுத்து, அவர்கள் விரும்பிக் கொடுப்பதை வாங்கிக்கொள்வது. பாப்பி போய்விட்டது. நவம்பர் 11 போய்விட்டது. குண்டூசியும் உண்டியலும் தங்கின. கிளாஸ்கோவில் 1914இல் பிடிபட்ட உத்தியையும், கொழும்பில் 1931இல் எழுந்த கேள்வியையும் சேர்த்துப் பார்த்தால் டிசம்பர் 7 புரியும். வழி அவர்களுடையது. காசு இனி நம் சிப்பாயின் வீட்டுக்கு.

அந்தப் பணம் எதற்கு என்பதையும் மூன்றாக வகுத்தார்கள். போரில் அடிபட்டவர்களுக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் மறுவாழ்வு; பணியில் இருக்கும் வீரர்கள், அவர்கள் குடும்பத்தாரின் நலன்; ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வீட்டாரின் நலன். மூன்றிலும் குடும்பம் வருவதைக் கவனிக்க வேண்டும். ராணுவத்தைச் சுற்றி நமக்கு நாள்கள் பல உண்டு. ஜனவரி 15 தரைப்படைக்கு, அக்டோபர் 8 விமானப்படைக்கு, டிசம்பர் 4 கடற்படைக்கு. 1971 வெற்றிக்கு டிசம்பர் 16, கார்கில் வெற்றிக்கு ஜூலை 26. முன்னாள் வீரர்களுக்கென்று ஜனவரி 14 உண்டு. ஆனால் அன்று தமிழ்நாடு போகிக்கும் பொங்கலுக்கும் நடுவே பரபரத்துக்கொண்டிருக்கும். இவற்றில் சில வெற்றியைக் கொண்டாடுபவை, சில படையைக் கொண்டாடுபவை. அடுப்படியையும் பள்ளிக்கூடக் கட்டணத்தையும் கணக்கில் வைத்துப் பிறந்தது டிசம்பர் 7.

கொடிக்குப் பின்னால் ஓர் அலுவலகம்

வசூலானது யார் கையில் சேர்கிறது? அதற்கும் ஒரு பழைய வேர் உண்டு. முதல் உலகப் போருக்கு ஆள் எடுப்பதற்காக 1917இல் ஏற்பட்ட மத்திய வாரியம், போர் முடிந்ததும் 1919இல் சிப்பாய்களின் நலனைப் பார்க்கும் வாரியமாக மாறியது. சில பெயர் மாற்றங்களுக்குப் பிறகு 1975 முதல் அது கேந்திரிய சைனிக் போர்டு. ஆள் பிடிக்கத் தொடங்கிய அமைப்பே ஆளைப் பராமரிக்கும் அமைப்பானது வரலாற்றின் ஒரு சின்ன நியாயம். 1993இல், தனித்தனியாக இருந்த பல நிதிகளைப் பாதுகாப்பு அமைச்சகம் ஒன்றாகச் சேர்த்துப் படைவீரர் கொடி நாள் நிதி என்று ஆக்கியது. போரில் உறவை இழந்தோர், உடல் உறுப்பை இழந்தோருக்கான நிதியும், பார்வை இழந்த வீரர்களுக்கான புனித டன்ஸ்டன் நிதியும், கூர்க்கா முன்னாள் வீரர்களுக்கான நிதியும் அதில் அடக்கம்.

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன வீரர்களுக்குப் புனே அருகே கிர்க்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கொடி நாள் நிதியிலிருந்து உதவி போகிறது. பென்ஷன் இல்லாமல் 65 வயது தாண்டிய முன்னாள் வீரருக்கோ அவர் விதவைக்கோ மாத உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, மகள் கல்யாணத்துக்கு உதவி. இந்தத் தொகைகளை 2025 அக்டோபரில் இரட்டிப்பாக்கினார்கள். மாத உதவி 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனது. ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதம் 1,000 என்பது 2,000 ஆனது. கல்யாண உதவி 50,000 என்பது ஒரு லட்சம். 15 வருஷ சர்வீஸ் முடித்தால்தான் சிப்பாய்க்குப் பென்ஷன். அதற்கு முன்னால் ஏதோ காரணத்தால் வெளியே வந்தவருக்கு வயதான காலத்தில் இந்த 8,000 ரூபாய்தான் அரிசி, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம்.

தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது முன்னாள் படைவீரர் நலத்துறை. மாவட்டத்தில் அதற்கு ஓர் அலுவலகம், ஓர் உதவி இயக்குநர். டிசம்பர் 7 காலையில் கலெக்டர் உண்டியலில் முதல் காசைப் போட்டு வசூலைத் தொடங்கிவைப்பார். முன்னாள் வீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் தேநீர் விருந்து நடக்கும், நலத்திட்ட உதவிகள் வழங்கப்படும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகும் வரை கரிவலத்துக்காரர்கள் கலெக்டரைப் பார்க்கத் திருநெல்வேலிதான் போக வேண்டியிருந்தது.

நடுகல்லும் உதிரப்பட்டியும்

கொடி கிளாஸ்கோவிலிருந்து வந்தது என்றாலும் போரில் இறந்தவனை நினைக்கும் கடமை இங்கே புதிதில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா.ராஜன் குழுவினர் கண்டெடுத்த நடுகற்கள், தமிழி எழுத்துப் பொறித்தவை. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆநிரை கவரும் சண்டையில் இறந்த ஒருவனின் பெயரையும், அந்தச் சண்டை நடந்த ஊரையும் அவற்றில் ஒரு கல் சொல்கிறது. பெயரில்லாமல் எண்ணிக்கை மட்டும் சொன்ன மகாயுத்தப் பளிங்குக் கல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது முன்னேற்றம் என்று குழப்பம் வரும். கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து, நீராட்டி, நட்டு, படையல் வைத்து வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது.

கல் நட்டதோடு நம் ஆட்கள் நின்றுவிடவில்லை. போரில் இறந்தவனின் வாரிசுகளுக்கு வரியில்லாமல் நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். ரத்தக் காணிக்கை என்றும் சொன்னார்கள். கல் அவனுக்கு, நிலம் அவன் பிள்ளைகளுக்கு. இரண்டு வேலையும் சேர்ந்தே நடந்தன.

இந்தச் சங்கரன்கோவில் வட்டாரமே அப்படிப்பட்ட நினைவுகள் கிடக்கும் மண். நெற்கட்டும்செவலில் கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவர், பச்சேரியில் அவர் தளபதி ஒண்டிவீரன். ஆகஸ்ட் 20இல் ஒண்டிவீரனுக்கும் செப்டம்பர் 1இல் பூலித்தேவருக்கும் அரசு விழா எடுத்து மாலை போடுகிறது. கம்பெனிப் படைத்தலைவர் யூசுப் கானின் படையோடு 1760, 1761 வருஷங்களில் நெற்கட்டும்செவலிலும் வாசுதேவநல்லூரிலும் நடந்த சண்டைகள் கதைப்பாட்டாக இறங்கி வந்திருக்கின்றன. பூலித்தேவரின் படையில் இருந்த வெண்ணிக்காலாடி வயிறு கிழிந்து சரிந்த குடலைத் துணியால் கட்டிக்கொண்டு போரிட்டு இறந்தான், அவன் விழுந்த இடத்தில் பூலித்தேவர் கல் நட்டார், அதுவே காலாடி மேடு என்று இங்கே சொல்வார்கள். நாயகர்களுக்குச் சிலை வந்துவிட்டது. அந்தச் சண்டைகளில் கூடவே நின்று செத்த ஆட்களின் பெயரை எந்தப் பாட்டும் முழுதாகச் சுமக்கவில்லை. ஊருக்கு ஊர் அப்படித்தான். நினைவு நாள் ஒருவருக்கு வரும்போது நூறு பேர் அதன் நிழலில் மறைகிறார்கள்.

அதனால்தான் டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசிய போர் நினைவகம் முக்கியமாகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்த 25,942 வீரர்களின் பெயர்களை ஒரு கல்லுக்கு ஒருவராக வைத்து அதைத் திறந்தார்கள். பதவியைப் பார்க்காத வரிசை அது. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரிலிருந்து போய், 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்விட்டு, இறந்த பின் வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் பழனியைப் போன்றவர்களுக்கும் அங்கே கல் உண்டு. அது டெல்லியின் கல். ஊரில் செய்ய வேண்டியது வேறு.

வீட்டில் இருக்கும் பெட்டி

பட்டாளத்து வீட்டை நம் பக்கத்தில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கூடத்துச் சுவரில் யூனிஃபார்ம் போட்ட போட்டோ, பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய டிரங்குப் பெட்டி, அதற்குள் மெடல், டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, கேன்டீன் கார்டு. தாத்தா போட்டோவுக்கு வருஷத்துக்கு ஒரு மாலை தவறாது. டிஸ்சார்ஜ் புக்கைக் கரையான் தின்றதை மட்டும் பல வீடுகளில் தாமதமாகத்தான் பார்க்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் போய்வந்து பென்ஷன் இல்லாமல் இருப்பவர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாந்திர உதவி வைத்திருக்கிறது. அதைக் கேட்டுப் போகும் பாட்டி, புருஷன் சிப்பாயாக இருந்தார் என்பதைக் காகிதத்தால்தான் காட்ட முடியும். டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து என்றால் குடும்பப் பென்ஷன் மாதக்கணக்கில் நிற்கும். இப்போது பென்ஷன் விவரங்களெல்லாம் ஸ்பர்ஷ் என்ற இணையச் சேவையில் ஏறிவிட்டன. நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்கத் தவறினால் பணம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. கைரேகை தேய்ந்துபோன எண்பது வயதுக்காரிக்கு ரேகை பார்க்கும் மிஷின் முன்னால் விரலை வைத்து வைத்து எடுப்பதே ஒரு யுத்தம்.

கொடி நாளுக்கும் ஒரு நோய் பிடித்திருக்கிறது. இலக்கு வைத்து வசூலிக்கிறார்கள். இலக்கு இருந்தால் மேலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். ஏதோ ஒரு காரியத்துக்கு மனுவோடு வந்து நிற்பவர் கையில் கொடியைத் திணித்தால் அவர் கொடுப்பார், ஆனால் நினைக்க மாட்டார். விரும்பிக் கொடுப்பது என்ற 1949இன் அடிப்படை அங்கே உடைகிறது. கொடி வாங்கியவருக்கு அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தால் கேட்காமலே கொடுப்பார்.

தெரிவிக்க ஒரு சுலபமான இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது நவம்பர் 1 அன்றும் கிராம சபை கூடுகிறது. கொடி நாளுக்கு ஐந்து வாரம் முன்னால். ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதத்தின் முதல் நாள். குடிதண்ணீர், தெருவிளக்குப் பேச்சோடு சேர்த்து ஊர்ப் பட்டாளத்து வீடுகளின் பட்டியலை அன்று ஒருமுறை வாசித்தால் போதும். இன்ன தெருவில் இன்னார் மனைவிக்குப் பென்ஷன் வருகிறதா, இன்னார் மகள் படிப்புக்கு உதவி கேட்டு எழுதியாயிற்றா, யாருடைய டிஸ்சார்ஜ் புக்குக்கு நகல் வாங்க வேண்டும், யாரை மிஷின் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் தெரிந்த காலேஜ் பையன் ஒருவன், ஒரு டூவீலர் இருந்தால் அந்தப் பட்டியல் பொங்கலுக்குள் தீர்ந்துவிடும். பட்டியல் வாசித்த பிறகு டிசம்பரில் டீச்சர் கொடியோடு வகுப்புக்குள் வரும்போது, எதுக்கு என்று கேட்கும் பையனுக்குத் தெருப் பெயரோடு பதில் சொல்லலாம்.